மீன் வரும் வழியை முதலில் வரையுங்கள்: சிறிய ஆழ்கடல் படகின் மேல்தளத் திட்டம்

புதிதாகப் படகு கட்டுகிறவர்கள் காகிதத்தை எடுத்ததும் முதலில் வரைவது வீல் ஹவுஸை, அதாவது ஓட்டுநர் அறையைத்தான். கண்ணாடி எத்தனை, கூரை எவ்வளவு உயரம், முகப்பில் யார் பெயரை எழுதுவது என்பதிலேயே பாதி நாள் போய்விடும். மிச்ச இடத்தில் ஐஸ் பெட்டி, அதற்கும் மேல் மிஞ்சினால் ஆள் நிற்க இடம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் உருப்படியான மேல்தளம் கிடைக்கும். முதலில் மீன் வரும் வழி, பிறகு தண்ணீர் வெளியேறும் வழி, அடுத்து ஆள் நடக்கும் வழி. வீல் ஹவுஸ் கடைசியில் வரட்டும்.

கணக்குப் போட வசதியாக ஒரு படகை எடுத்துக்கொள்வோம். நீளம் 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ 33 அடி. அகலம் 3 மீட்டர். ஃபைபரில் செய்த, முழுமையாகத் தளம் மூடிய படகு. உள்ளே டீசல் இயந்திரம், ஐந்து பேர், கடலில் மூன்று நாள் தங்கல். தூத்துக்குடியிலிருந்தோ குமரி மாவட்டத்திலிருந்தோ புறப்பட்டு, 12 கடல் மைல் எல்லையைத் தாண்டி, மன்னார் வளைகுடாவின் ஆழப்பகுதியிலோ குமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்னும் மீன்பிடித் திட்டின் பக்கத்திலோ சூரைக்கும் நெய்மீனுக்கும் போகிற படகு. உங்கள் படகு இதைவிடச் சிறிதாகவோ பெரிதாகவோ இருக்கலாம். எண்கள் மாறினாலும் யோசிக்கும் வரிசை மாறாது.

தொழிலை மணிக்கணக்கில் எழுதுங்கள்

அளவுநாடாவைத் தொடும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கரையிலிருந்து கிளம்பித் திரும்பும் வரை யார், எங்கே நின்று, கையில் எதைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். மாலையில் வலை விடும்போது பின்புறத்தில் எத்தனை பேர்? நள்ளிரவுக்கு மேல் வலை இழுக்கும்போது மீனைக் கழற்றுகிறவர் எங்கே உட்காருவார்? கழற்றிய மீன் எங்கே விழும்? இழுத்த ஈரவலை எங்கே குவியும்? சோறு பொங்குகிறவருக்கு அப்போது நடக்க வழி இருக்குமா?

எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியும். படகு ஓடும்போது இடம் தாராளமாகவே இருக்கிறது. இழுக்கிற அந்த மூன்று நான்கு மணி நேரத்தில்தான் நெரிசல். எனவே திட்டம் போட வேண்டியது அந்த நேரத்துக்காக. இருட்டு, வாடைக்காற்று, ஈரத்தளம், தூக்கம் கெட்ட ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டு வரையுங்கள்.

செவுள்வலை, ஆயிரங்கால் தூண்டில் (நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்குவது) இரண்டையும் ஒரே படகில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் எது முதன்மைத் தொழில் என்று முடிவு செய்துவிடுங்கள். இரண்டுக்கும் சம இடம் கொடுத்த படகில் இரண்டுமே இடிக்கும். முதன்மைத் தொழிலுக்கு நிரந்தர இடம். மற்றதற்குக் கழற்றி மாட்டும் பலகையும் கூடையும் போதும்.

இழுவை மடித் தொழிலிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2017இல் பாக் நீரிணைப் பகுதியின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக, 80 லட்ச ரூபாய் மதிப்பில் சூரைத் தூண்டில் மற்றும் செவுள்வலைப் படகுகள் கட்டிக்கொடுக்கும் திட்டம் வந்தது. அவை நம் உதாரணப் படகைவிட மிகப் பெரியவை. ஆனாலும் தொழில் மாறும்போது தளமும் மாற வேண்டும் என்ற பாடம் பொதுவானது. இழுவைப் படகில் எல்லாம் பின்புறத்தை நோக்கி நடக்கும்: விஞ்சு (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி), கம்பி, பலகை, மடி. தூண்டில் படகில் விடுவது பின்புறத்தில், இழுப்பது பக்கவாட்டில். பழைய பழக்கத்தில் நடுத்தளம் முழுவதையும் விஞ்சுக்கு ஒதுக்கிவிட்டால், தூண்டில் இழுப்பவர் ஓரத்தில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டியதுதான்.

மீனின் பாதை

இப்போது காகிதத்தில் படகின் மேல்தோற்றத்தை 1:10 அளவில் வரையுங்கள். 10 மீட்டர் படகு 1 மீட்டர் நீளத் தாளில் அடங்கும். சிவப்புப் பென்சிலால் ஒரே ஒரு கோடு: மீன் ஓரத்தைத் தாண்டி உள்ளே வரும் இடத்திலிருந்து ஐஸ் அறையின் வாய் வரை. அந்தக் கோட்டில் நான்கு நிறுத்தங்கள் இருக்கும். ஏற்றும் இடம், கொன்று இரத்தம் வடிக்கும் இடம், குடல் நீக்கிக் கழுவும் இடம், ஐஸ். கோடு எவ்வளவு குட்டையாகவும் நேராகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதன் குறுக்கே கயிறோ தூண்டிலோ போகக் கூடாது.

ஏன் இவ்வளவு அக்கறை என்றால், மஞ்சள்துடுப்புச் சூரை வெதுவெதுப்பான உடல் கொண்ட மீன். தூண்டிலில் போராடும்போது அதன் உடற்சூடு கடல்நீரின் சூட்டைத் தாண்டி ஏறும். அந்தச் சூட்டோடு தளத்தில் கிடந்தால் சதை வெந்ததுபோல் நிறம் கெடும். ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளும் உருவாகத் தொடங்கும். பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும், எவ்வளவு சமைத்தாலும் அது போகாது. மீனின் நடுப்பகுதி 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எவ்வளவு விரைவாக இறங்குகிறதோ அவ்வளவுக்கு மீன் தப்பும். வெயிலில் பத்து நிமிடம் கிடந்த மீனுக்கும் உடனே ஐஸுக்குள் போன மீனுக்கும் ஏலத்தில் விலை வேறு.

ஆகவே ஏற்றும் இடத்தின் அடியில் தடித்த ரப்பர் பாயோ நுரை மெத்தையோ போடுங்கள். முப்பது கிலோ சூரை வெறும் ஃபைபர் தளத்தில் துள்ளினால் சதை கன்றிப்போகும், தளமும் கீறும். அதன் மேலே நிழலுக்கு ஒரு தார்ப்பாய் கட்ட நான்கு வளையங்கள் போதும். கழுவும் குழாய் அங்கிருந்தே கைக்கு எட்ட வேண்டும்.

எந்தப் பக்கம் இழுப்பது? உங்கள் ஆட்களின் கைப்பழக்கத்தையும், இழுக்கும் கருவி எந்தப் பக்கத்துக்குச் செய்தது என்பதையும் பார்த்து ஒன்றை முடிவு செய்யுங்கள். முடிவு செய்தபின் மாற்றாதீர்கள். அந்த இடம் படகின் நடுவுக்குச் சற்று முன்னால், முன்முனையான அணியத்தின் பக்கமாக இருக்கட்டும். பின்னால் வைத்தால் கயிறு படகைத் தள்ளும் காற்றாடிக்குள் போகும் ஆபத்து கூடும். பொதுவாகக் காற்று வரும் பக்கத்தில் இழுப்பார்கள். காற்று படகைத் தள்ளத் தள்ள, கயிறு அடியில் போகாமல் விலகி நிற்கும். அதே காரணத்தால் அலையும் அந்தப் பக்கமே ஏறும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஓரச்சுவரை அங்கே தாழ்த்தச் சொல்கிற ஆட்கள் இருப்பார்கள், மீன் ஏற்ற எளிது என்று. அதற்குப் பதில் உருளை ஒன்றைப் பொருத்துவேன்.

இழுப்பவரை வீல் ஹவுஸிலிருந்து நேராகப் பார்க்க முடிகிறதா என்று தாளிலேயே ஒரு நூலைப் பிடித்துச் சரிபாருங்கள். ஓட்டுநருக்கு அவர் கை தெரிய வேண்டும். கூப்பிட்டுச் சொல்வதெல்லாம் இயந்திரச் சத்தத்தில் எடுபடாது.

தூண்டில் விடும் இடத்தில் ஒரு விதி: ஓடிக்கொண்டிருக்கும் கயிற்றுக்கும் படகின் பின்விளிம்புக்கும் நடுவே யாரும் நிற்க இடமே இருக்கக் கூடாது. ‘நிற்காதே’ என்று சொல்வதைவிட, நிற்க முடியாதபடி கூடைகளை அடுக்குவது மேல். உறையோடு ஒரு கத்தியைப் பின்புறத்தில் இரண்டு பக்கமும் கட்டி வையுங்கள். கொக்கி கையில் மாட்டினால் கத்தியைத் தேட நேரம் இருக்காது.

தண்ணீரும் எடையும்

இனி வருவது கொஞ்சம் கணக்கு. தாண்டிப் போய்விடாதீர்கள்.

வேலைத்தளம் 5 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் அகலம் என்று வைப்போம். ஓர் அலை ஏறி 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் அது 1.3 கன மீட்டர். கடல்நீரின் எடையில் 1,300 கிலோவுக்கு மேல். பத்தொன்பது இருபது பேர் திடீரென்று படகில் ஏறியதற்குச் சமம். அதோடு நின்றால் பரவாயில்லை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே இந்த இருபது பேரும் சேர்ந்து ஓடுவார்கள். சிறிய படகுகள் கவிழ்வதில் இப்படிப் புரளும் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு.

எனவே ஓரச்சுவரின் அடியில் நீர் போகும் துவாரங்கள் பெரிதாகவும் நிறையவும் இருக்க வேண்டும். இரண்டு விரல் நுழையும் ஓட்டை நான்கு போட்டுவிட்டு முடிந்தது என்று நினைப்பது தவறு. நீளவாக்கில் வெட்டிய வாய்கள்தான் வேகமாகத் தண்ணீரைத் தள்ளும். சிறு மீனும் பிளாஸ்டிக் பையும் அடைக்காமல் குறுக்குக் கம்பி போடுங்கள். துவாரத்துக்கு மூடி போடவே போடாதீர்கள். போட்டால் ஒருநாள் யாராவது மூடுவார்கள், திறக்க மறப்பார்கள். தளம் நடுவில் சற்று மேடாக, இரு ஓரத்துக்கும் சரிந்து இருக்கட்டும். 3 மீட்டர் அகலத்துக்கு நடுவில் 6 செ.மீ. உயர்ந்தால் போதும். மிக முக்கியமானது, முழுச் சுமையோடும் தளம் கடல்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் உள்ளேதான் வரும்.

மீனும் தண்ணீரைப் போலத்தான் புரளும். தளத்தில் மீன் கொட்டும் இடத்தைக் கழற்றி மாட்டும் பலகைகளால் தடுத்துவிடுங்கள். படகின் நீளவாக்கில் நடுவே ஒரே ஒரு தடுப்புப் போட்டால், புரளும் தண்ணீர் படகைச் சாய்க்கும் விளைவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். இரண்டு தடுப்பு போட்டு மூன்றாகப் பிரித்தால் ஒன்பதில் ஒரு பங்கு. இவ்வளவு மலிவான பாதுகாப்பு படகில் வேறு கிடையாது. பலகையின் அடியில் தண்ணீர் வடிய இடைவெளி விட மறக்காதீர்கள்.

அடுத்தது எடை. ஒரு பட்டியல் போடுங்கள்: ஐஸ், டீசல், குடிநீர், வலை, நங்கூரம், ஆட்கள். 500 லிட்டர் டீசல் சுமார் 420 கிலோ. வலையை உலர்ந்த எடையில் கணக்கிடாதீர்கள். இழுத்தபின் அது ஈரவலை. ஒவ்வொன்றையும் மூன்று நிலைகளில் எழுதுங்கள். புறப்படும்போது, மீன் நிறைந்து டீசல் பாதி தீர்ந்தபோது, கரை சேரும்போது. புறப்படும்போது நிமிர்ந்து நிற்கும் படகு, திரும்பும்போது அணியம் குத்திக்கொண்டு வருகிறதென்றால் டீசல் தொட்டியும் மீன் அறையும் எதிரெதிர் முனைகளில் இருக்கின்றன என்று பொருள். மாறிக்கொண்டே இருக்கும் சுமைகளைப் படகின் நடுவுக்குப் பக்கத்தில் வையுங்கள். கனமானவை கீழே. கூரைமேல் உதிரி வலை, தண்ணீர் டிரம், பழைய நங்கூரம் என்று ஏற்றிவைப்பது எல்லாத் துறைமுகத்திலும் கண்ணில் படும் வழக்கம். கூரையை அதற்கு இடமில்லாதபடி சரிவாகக் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஐஸ் அறை

எதிர்பார்க்கும் மீன் 1 டன் என்றால், நம் வெப்பத்துக்கு ஐஸும் 1 டன் வேண்டும். 50 கிலோ பாராக 20 பார். உருகும் கழிவுக்கு மேலும் சில. மீனும் ஐஸும் சேர்ந்து சுமார் 2 கன மீட்டர் பிடிக்கும். கொஞ்சம் கூடுதலாக வைத்து உள்ளளவு 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர் என்று கட்டினால் 2.7 கன மீட்டர் கிடைக்கும். இதற்கு எல்லாப் பக்கமும் 10 செ.மீ. பாலியூரிதேன் நுரை வைத்தால் வெளியளவு 4 கன மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது மூன்றில் ஒரு பங்கு இடத்தை நுரையே தின்றுவிடும். இதைப் பார்த்துவிட்டு நுரையைக் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு. குறைக்காதீர்கள். இயந்திர அறைப் பக்கச் சுவரில் இன்னும் தடிமன் கூட்டுங்கள்.

உருகிய நீர் அடியில் தேங்காமல் ஒரு குழிக்கு வந்து, அங்கிருந்து பம்ப் வழியாக வெளியேறட்டும். அந்த நீர் இயந்திர அறைக்குள் வடியவே கூடாது.

மூடியில் நான் பட்ட பாடு: என் முதல் வரைபடத்தில் மீன் அறை மூடியை மீனின் பாதையின் முனையிலேயே வைத்தேன், தாளில் அழகாக இருந்தது. ஆனால் அது திறக்கும் திசை இழுப்பவரின் முழங்காலை நோக்கி இருந்தது. மீன் வரும்போதெல்லாம் அவர் நகர வேண்டும், அவர் நகர்ந்தால் கயிறு தளரும். கீல் போட்ட மூடியை எடுத்துவிட்டு, தூக்கி ஓரமாக மாட்டும் மூடியாக மாற்றிய பிறகே ஆட்கள் திட்டுவதை நிறுத்தினார்கள். மூடியைச் சுற்றி 30 செ.மீ. உயர விளிம்பும், மூடினால் தாழ் போடும் அமைப்பும் இருக்க வேண்டும். ஓட்டத்தில் திறந்து கிடக்கும் மூடி, படகு குடிக்கத் திறந்த வாய்.

ஆள் நிற்கும் இடம்

கைப்பிடி முழங்கால் உயரத்தில் இருந்தால் அது காப்பாற்றாது, தட்டிவிடும். இடுப்பை நெருங்கும் உயரம் வேண்டும். ஓரச்சுவர் தாழ்வாக இருந்தால் அதன்மேல் குழாய் வைத்து உயர்த்துங்கள்.

இதை எழுதக் கூச்சப்படுவதால்தான் பல வரைபடங்களில் இது இல்லை: இரவில் சிறுநீர் கழிக்க ஓரத்துக்குப் போய்த் தனியாகக் கடலில் விழுகிறவர்கள் உண்டு. கூச்சல் போட்டாலும் யாருக்கும் கேட்காது. பின்புறத்தில் ஒரு மூலையில் இரண்டு பக்கமும் செங்குத்துக் கைப்பிடி வைத்து, சின்ன விளக்கு ஒன்றைப் பொருத்தி, அதற்கென்றே ஓர் இடம் ஒதுக்குங்கள். சின்னத் தடுப்பு அறையாகக் கட்ட முடிந்தால் இன்னும் நல்லது. கடலில் விழுந்தவர் ஏற ஓர் ஏணியும் அந்தப் பக்கமே இருக்கட்டும்.

ஃபைபர் தளம் ஈரமானால் வழுக்கும். கடைசிப் பூச்சு காய்வதற்குள் சலித்த மணலைத் தூவுவது வழக்கம். நம் ஆட்கள் வெறுங்காலில் வேலை செய்கிறவர்கள். கரடுமுரடான மணல் மூன்றாம் நாள் பாதத்தை உரித்துவிடும். பொடி மணல் போதும். கூர்மூலை எங்கே இருந்தாலும் உருட்டிவிடுங்கள்.

சமையல் காஸ் சிலிண்டரைத் தளத்துக்குக் கீழே வைக்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். தளத்தின் மேலே, வெயில் படாத, காற்றோட்டமான கூண்டில் கட்டுங்கள். தீயணைப்பானை இயந்திர அறைக்குள் மாட்டுவது இன்னொரு வேடிக்கை. எரிகிற அறைக்குள் போய் யார் எடுப்பது? கதவுக்கு வெளியே மாட்டுங்கள். உயிர்காப்பு மேலங்கியும் அறைக்குள் மூட்டையாக அல்லாமல், தளத்திலிருந்தே எட்டும் பெட்டியில் இருக்கட்டும்.

வீல் ஹவுஸை முன்னால் வைத்தால் பின்னால் காற்றும் தெறிப்பும் படாத வேலைத்தளம் கிடைக்கும். பின்னால் வைத்தால் எல்லாரையும் கண்ணுக்கு நேரே பார்த்துக்கொண்டு ஓட்டலாம், ஆனால் ஆட்கள் நனைவார்கள். மூன்று நாள் தங்கலுக்கு நான் முன்னால் வைப்பதையே விரும்புவேன், பின்பக்கமும் பக்கவாட்டிலும் பெரிய ஜன்னல் இருந்தால். வேலை விளக்குகள் ஓட்டுநரின் கண்ணில் அடிக்காமல், கீழ்நோக்கி எரிய வேண்டும். மீன்பிடிப்பில் இருப்பதைக் காட்டும் சிவப்புக்குக் கீழ் வெள்ளை விளக்கு அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடக் கூடாது. திசைகாட்டியை ஒலிபெருக்கியிலிருந்தும் இரும்பிலிருந்தும் தள்ளி வையுங்கள். வி.எச்.எஃப். ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையும், கடலோரக் காவல்படையின் 1554 அவசர எண்ணும் ஓட்டுநருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும். கரையை விட்டுத் தள்ளிப்போனால் கைபேசி வேலை செய்யாது. 2017 ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேராததன் விலையைக் குமரிக் கடற்கரை அறியும்.

தரையில் சாக்பீஸ்

தாளில் முடிந்ததும் உடனே படகு கட்டும் யார்டுக்குப் போகாதீர்கள். வலைப்பின்னல் கூடத்தின் தரையிலோ, ஈர மணலிலோ படகின் மேல்தளத்தை முழு அளவில் வரையுங்கள். ஐஸ் அறை வாய்க்கு ஒரு சாக்கு, இழுக்கும் கருவிக்கு ஒரு டிரம், ஓரச்சுவருக்கு இரண்டு பெஞ்சு. ஐந்து ஆட்களையும் கூப்பிட்டு, கூடையோடு ஒரு முழு இழுப்பை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். பத்து நிமிடத்தில் சிரிப்பு நின்று சண்டை தொடங்கும்: ‘இங்கே நின்னா நான் எப்படிப் போறது?’ அந்தச் சண்டைக்காகத்தான் இந்த ஏற்பாடு. இருட்டிய பிறகு டார்ச் ஒன்றை மட்டும் வைத்து இன்னொரு முறை செய்யுங்கள். ஆலோசனை கேட்கும்போது முதலாளியைவிட வலை கழற்றுகிற இளைஞரிடமும் சமைக்கிறவரிடமும் அதிகம் கேளுங்கள்.

இதற்கெல்லாம் நல்ல நேரம் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்; மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பதிவான படகின் அளவையோ இயந்திரத்தையோ மாற்றுவதானால் முதலில் மீன்வளத் துறை அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

கடலில் இறக்கியபின்

படகு இறங்கியதும் துறைமுகத்தின் அமைதியான தண்ணீரில், கட்டுக்கயிறுகளைத் தளர்த்தி, வழக்கமான சுமையோடு ஒரு சோதனை. இரண்டு பேர் ஓரத்தில் ஏறி இறங்கிப் படகை ஆட்டட்டும். ஆட்டுவதை நிறுத்தியபின், படகு ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய் மீண்டும் முதல் பக்கம் வருவதை ஒன்று என்று எண்ணுங்கள். நான்கு ஆட்டத்துக்கு ஆகும் வினாடிகளை நான்கால் வகுங்கள். அந்த வினாடி எண், படகின் அகலத்தை மீட்டரில் சொல்லும் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நம் 3 மீட்டர் படகில் மூன்று வினாடிக்குள். அதைத் தாண்டி மெதுவாக, சொகுசாக ஆடினால் மகிழாதீர்கள். மேலே எடை அதிகம் என்று பொருள். கூரையையும் தளத்தையும் காலி செய்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் தாண்டினால் கப்பல் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டாமல் கடலுக்குப் போக வேண்டாம். இது முதல்நிலைச் சோதனை மட்டுமே. முறையான நிலைத்தன்மைக் கணக்குக்கு இது ஈடாகாது.

முதல் மூன்று தங்கலுக்கு இழுக்கும் கருவி, கழுவும் மேசை, கூடைத் தட்டு எதையும் ஃபைபர் வைத்து ஒட்டிவிடாதீர்கள். போல்ட்டில் மட்டும் பிடித்து வையுங்கள். வீல் ஹவுஸ் கதவருகே ஒரு சாக்பீஸைக் கட்டித் தொங்கவிட்டு, யாருக்கு எங்கே இடித்தாலும் அந்த இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். தண்ணீர் பட்டு அழிந்துபோகும் என்பதால், அன்றைய கோடுகளை இரவே நோட்டில் ஏற்றிவிடுங்கள். மூன்றாம் தங்கல் முடிந்து வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுங்கள்.